பலகையில் எழுதப்படாத நாலாவது அளவு

கிழக்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்து ஓய்கிற நவம்பர் காலையொன்றில், ரொறன்ரோவின் வூட்பைன் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு காய்ந்த மரக்கிளை மிதக்கிறது. அலை வரும்போது ஏறுகிறது, அலை கடந்ததும் இறங்குகிறது, கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒருவர் ஆறடிப் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் தண்ணீரை வலிக்கிறார். அலை அவருக்குக் கீழாலும் நழுவிப் போய்விடுகிறது. சற்றுத் தள்ளி ஒன்பதடிப் பலகையில் காத்திருந்த பெண்ணோ நாலைந்து தரம் வலித்தவுடன் அதே அலையில் ஏறி, எழுந்து நின்று, மணல் தட்டும்வரை வருகிறார். மூன்று பேருக்கும் வந்தது ஒரே அலை. அது ஏன் ஒருவரை மட்டும் கூட்டிக்கொண்டு போனது?

இந்த ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான் இது. சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிக்கட்டடங்களில் குடியிருக்கும் நம்மில் பலருக்கு ஒன்ராறியோ ஏரி ஒரு கோடைகாலப் பூங்கா. வெலஸ்லி வீதியும் பார்லிமென்ற் வீதியும் சந்திக்கும் மூலையில் நெருங்கி நிற்கும் அந்தப் 19 கட்டடங்களிலிருந்து தெற்கே நேராக நடந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏரி வந்துவிடும். ஆனால் இலையுதிர்காலம் தொடங்கி வசந்தம் வரை, மற்றவர்கள் கரையை விட்டு ஒதுங்கும் மாதங்களில், அதே ஏரியில் அலைச்சறுக்கு நடக்கிறது. ஸ்காபரோவின் மண் குன்றுகளுக்குக் கீழே புளஃபர்ஸ் பார்க்கிலும், ஆஷ்பிரிட்ஜஸ் குடாவை அண்டிய கரைகளிலும் தடித்த ரப்பர் உடுப்போடு ஆட்கள் தண்ணீரில் இருப்பார்கள். அவர்களில் கணிசமானோர் வைத்திருப்பது நீள்பலகை. அலைச்சறுக்குப் போட்டிகளின் கணக்குப்படி ஒன்பது அடியும் அதற்கு மேலும் இருப்பதுதான் நீள்பலகை.

பலகை செதுக்குபவரிடம் போனால் அவர் முதலில் கேட்பது மூன்று எண்கள்: நீளம், அகலம், தடிப்பு. பலகையின் நடுவால் ஓடும் மெல்லிய மரக்கீற்றில் பென்சிலால் அவர் எழுதிவைப்பதும் அந்த மூன்றுதான். என் எண்ணத்தில், நம் ஏரியைப் பொறுத்தவரை இவற்றை விடவும் பெரிய முடிவு எழுதப்படாத நாலாவது அளவில் இருக்கிறது. அதற்கு வரும் முன் அலையிலிருந்து தொடங்க வேண்டும்.

அலை ஓடுகிறது, தண்ணீர் ஓடுவதில்லை. ஆழமான நீரில் ஒவ்வொரு துளியும் ஒரு வட்டம் சுற்றி ஏறத்தாழப் பழைய இடத்துக்கே திரும்புகிறது. கிளை நகராததன் காரணம் அதுதான். கரையை நோக்கி ஓடிவருவது ஒரு வடிவமும் அதற்குள் இருக்கும் சக்தியும் மட்டுமே. அந்த வடிவத்தில் நாம் ஏற வேண்டுமானால், அது வந்து சேரும் கணத்தில் நாமும் கிட்டத்தட்ட அதன் வேகத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

அதன் வேகம் எவ்வளவு? ஆழமற்ற நீரில் அதைத் தீர்மானிப்பது நீரின் ஆழம். இது தெரியவந்த கதைகளில் எனக்குப் பிடித்தது ஜோன் ஸ்கொட் ரசலுடையது. 1834இல் எடின்பரோவுக்கு அருகே ஒரு கால்வாயில், குதிரைகள் இழுத்துவந்த படகு சட்டென்று நின்றபோது, அதன் முன்னால் திரண்டிருந்த தண்ணீர் தனி மேடாகப் பிரிந்து தன்பாட்டில் ஓடத் தொடங்கியது. ரசல் குதிரையில் ஏறி அதைத் துரத்தினார். ஏறத்தாழ முப்பதடி நீளம், ஒன்று ஒன்றரை அடி உயரம், மணிக்கு எட்டு ஒன்பது மைல் வேகம் என்று அவர் குறித்துவைத்தார். ஒன்றிரண்டு மைலுக்குப் பிறகுதான் அது கால்வாய் வளைவுகளில் கண்ணுக்குத் தப்பியது. பின்னர் தன் வீட்டுத் தோட்டத்தில் தொட்டி கட்டி, நீரின் ஆழத்தையும் அலையின் உயரத்தையும் மாற்றி மாற்றி அளந்தார். ஆழம் நாலு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும் என்ற கணக்கு அவர் அளவைகளோடு பொருந்தியது.

சின்ன அலைக்காரர்களுக்கு இந்த உண்மை கைகொடுக்கிறது. அலை ஒன்று தன் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில், ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கில், உடைகிறது. ஆகவே இடுப்புக்குக் கீழே இருக்கும் அறுபது சென்ரிமீற்றர் அலை ஏறத்தாழ எண்பது சென்ரிமீற்றர் ஆழத்தில் உடையும். அங்கே அதன் வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீற்றருக்குச் சற்று மேல். இரண்டு மீற்றர் அலை ஏறத்தாழப் பதினெட்டு. சின்ன அலை மெதுவான அலை, அதனால் பிடிக்கச் சுலபம் என்று தோன்றும். பிடிப்பதில் கொஞ்சம் அப்படித்தான். பிடித்த பிறகு இதே மெதுவான வேகம்தான் தொல்லை தருகிறது.

முதலில் பிடிக்கும் கட்டம். குப்புறப் படுத்துக் கைகளால் வலிக்கும்போது பலகை ஒரு படகு. நீரைக் கிழித்துப் போகும் எந்தப் படகும் தன் முன்னால் ஒரு சிற்றலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்தச் சிற்றலையின் நீளமும் கூடும். அது படகின் நீளத்தை எட்டும்போது, படகு தான் எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முயல்வதாகிவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு வலித்தாலும் பலன் குறைவு. இந்த எல்லை நீளத்தைப் பொறுத்தது என்று உறுதியாகக் காட்டியவர் ஆங்கிலேயப் பொறியியலாளர் வில்லியம் ஃபுறூட். 1860களில் ‘அன்னம்’, ‘அண்டங்காக்கை’ என்று பெயரிட்ட இரண்டு வடிவங்களில், மூன்றடி, ஆறடி, பன்னிரண்டடி மாதிரிகளைச் செய்து டார்ட் ஆற்றில் இழுத்து, இழுவையை அளந்தார். 1870களின் தொடக்கத்தில், பிரித்தானியக் கடற்படையின் பணத்தில், ரோர்க்கீ நகரத்தில் தன் வீட்டருகே ஒரு நீண்ட தொட்டியையே கட்டினார். இன்றும் பல கப்பல்கள் கட்டப்படும் முன் அவற்றின் மாதிரி இப்படித்தான் இழுத்துப் பார்க்கப்படுகிறது.

ஃபுறூட்டின் கணக்கைப் பலகைக்குப் போட்டால் ஆறடிப் பலகையின் எல்லை மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர், ஒன்பதடிக்கு ஏறத்தாழ 7.4. பார்க்கச் சின்ன வித்தியாசம். அலை வருவதோ பத்தில். இரண்டு பலகையும் கை வலிப்பால் மட்டும் அதை எட்டப்போவதில்லை. மிச்சத்தைக் கொடுப்பது அலையின் சரிவு. அலை பின்பக்கத்தைத் தூக்கும்போது நம் எடையின் ஒரு பங்கு முன்னோக்கித் தள்ளும் விசையாகிறது. ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில், எண்பது கிலோ ஆளுக்கு அது பதினாறு கிலோ எடைக்குச் சமமான தள்ளு. கைகளால் வலித்து அவ்வளவு தள்ளை எடுப்பது எளிதல்ல. ஏழு கிலோமீற்றரில் போகிறவருக்கு இன்னும் மூன்று தேவை, ஆறில் போகிறவருக்கு நாலுக்கு மேல் தேவை. நீண்ட பலகைக்கு இழுவையும் குறைவு. ஆகவே அலை இன்னும் படுத்துக் கிடக்கும்போதே, மெல்லிய சரிவிலேயே, நீள்பலகை வழுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆறடிக்காரர் சரிவு செங்குத்தாகும்வரை காத்திருக்க வேண்டும். சின்ன அலை அவ்வளவு செங்குத்தாவதற்குள் உடைந்து நுரையாகிவிடும். கரையில் நின்று பார்த்த புதிரில் பாதி இங்கே அவிழ்கிறது.

இந்த இடத்தில் எங்கள் கட்டடத்து இளைஞர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அண்ணை, எனக்கு எழுபது கிலோ. எத்தினை லீற்றர் பலகை எடுக்கட்டும்?” கடைகளில் இப்போது எல்லாப் பலகையையும் கனவளவால்தான் விற்கிறார்கள். ஒன்பதடி இரண்டங்குல நீளம், இருபத்துமூன்று அங்குல அகலம், மூன்று அங்குலத் தடிப்பு என்றால் எழுபது லீற்றரைச் சுற்றி வரும். எண் ஒன்றுதான் என்பதால் ஒப்பிட வசதி. ஆனால் அந்த எண் சொல்வது படுத்திருக்கும்போது நடப்பதை மட்டும்.

ஆர்க்கிமிடீசின் விதிப்படி, நாமும் பலகையும் நனைந்த உடுப்பும் சேர்ந்து 87 கிலோ என்றால், நன்னீரில் 87 லீற்றர் தண்ணீரை விலக்கியாக வேண்டும். பலகை முழுவதும் அமிழ்ந்தால் 72 லீற்றர். மீதிப் பதினைந்தை நம் உடம்பு தண்ணீருக்குள் இறங்கி விலக்குகிறது. நாற்பது லீற்றர் பலகையென்றால் உடம்பு நாற்பத்தேழு லீற்றர் அளவுக்கு இறங்க வேண்டும்; நெஞ்சும் வயிறும் தண்ணீரை உழுதபடி வரும். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை வீதம் அடர்த்தி கூடியது என்பதால் ஏரியில் மிதப்புக் குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்குப் பார்த்தால் வித்தியாசம் இரண்டு லீற்றர்தான். தடிப்பில் ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் அது ஈடாகிவிடும். குளிர் செய்வது இதைவிடக் கூட. ஐந்து பாகை நீரின் பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்குத் தண்ணீர் காட்டும் தயக்கம், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடாவின் இருபத்தெட்டுப் பாகைக் கடல்நீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். உராய்வு அதே விகிதத்தில் ஏறுவதில்லை, பத்து வீதத்தைச் சுற்றித்தான் ஏறும். அதோடு ஐந்தாறு மில்லிமீற்றர் தடித்த உடுப்புத் தோளை இறுக்கிப் பிடிக்கும்போது வலிப்பு இன்னும் மெதுவாகிறது. ஏரிக்குப் பலகை எடுப்பவர் ஐந்து லீற்றர் கூட எடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

எழுந்து நின்ற பிறகு லீற்றர்க் கணக்குப் பின்னுக்குப் போய்விடுகிறது. பலகை இப்போது நீரில் அமிழ்ந்து மிதக்கவில்லை. மேற்பரப்பில் சறுக்கும்போது, சற்றுச் சாய்ந்த அடிப்பக்கம் வரும் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, தண்ணீர் பலகையை மேலே தள்ளுகிறது. இதை மேற்சறுக்கல் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தள்ளு வேகத்தோடு மிக விரைவாகக் கூடும்: வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்கு. இரண்டு மீற்றர் அலையின் பதினெட்டோடு நம் அறுபது சென்ரிமீற்றர் அலையின் பத்தை ஒப்பிட்டால், ஒவ்வொரு சதுர அடிக்கும் நமக்குக் கிடைக்கும் தள்ளு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆளின் எடை மாறவில்லை. அப்போது பரப்பைத்தான் கூட்ட வேண்டும்.

பரப்பை நீளத்தில் கூட்டுவதா, அகலத்தில் கூட்டுவதா? தள்ளின் பெரும்பகுதி தண்ணீர் பலகையை முதலில் தொடும் கோட்டுக்கு அருகில்தான் பிறக்கிறது. அதன் பின்னால் நீளும் பரப்பு தருவது கொஞ்சம், உராய்வோ முழுவதும். ஆகவே ஒரே பரப்பில் அகலமானது நீளமானதைவிட நன்றாகத் தூக்கும். அதிவேகப் படகுகளை முன்வைத்து இதை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்கப் படகுப் பொறியியலாளர் லின்ட்சி லோர்ட். அவருடைய நூல் 1946இல் வெளிவந்தது. கலிபோர்னியாவில் கணிதமும் பொறியியலும் படித்த பொப் சிமன்ஸ் என்ற இளைஞர் அந்த நூலின் கருத்துகளை அலைப்பலகைக்குக் கொண்டுவந்தார். அகன்ற மூக்கும் அகன்ற வாலுமாக, கண்ணாடியிழை பூசி, அவர் செய்த இலேசான பலகைகள், அன்று வழக்கிலிருந்த கனத்த மரப்பலகைகளை முந்தி ஓடின. 1954இல், முப்பதுகளின் நடுவில், அலையிலேயே அவர் உயிர் போயிற்று. இன்று உலகெங்கும் செதுக்கப்படும் பலகைகளில் அவருடைய அகலம் இருக்கிறது. இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்திருந்தால் இந்தக் கலை எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் அவரைப் பற்றி என்னால் எழுத முடிவதில்லை.

நீள்பலகைக்கு இருபத்திரண்டரை முதல் இருபத்துமூன்றரை அங்குலம்வரை என்பது வழக்கமான அகலம். சின்ன அலைக்கு மேல்பாதியை எடுங்கள். இருபத்துநாலைத் தாண்டினால் வேறு செலவு வரும். திரும்புவதற்குப் பலகையை விளிம்பில் சாய்க்க வேண்டும், அகலம் கூடக்கூட அதற்குக் காலின் பலம் போதாது. படுத்து வலிக்கும்போதும் கை பலகையின் விளிம்பைச் சுற்றி எட்டித் தண்ணீரைத் தொட வேண்டும். தோள் ஒடுங்கியவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கும் பதின்மவயதினருக்கும், அந்த ஓர் அங்குலம் பெரிது.

கடற்கரை ஊர்களில் படகின் முன்முனையை அணியம் என்பார்கள், பின்முனையை அமரம் என்பார்கள். பலகைக்கும் அந்தச் சொற்களே போதும். செதுக்குபவர்கள் அணியத்தின் நுனியிலிருந்து ஓரடி உள்ளே வந்து ஓர் அகலத்தை அளப்பார்கள், அமரத்திலிருந்து ஓரடி உள்ளே வந்து இன்னொன்றை. பதினெட்டும் பதினாலரையும் ஒரு நல்ல தொடக்கம். அமரம் அகலமாக இருந்தால் அலை பின்னால் தூக்கும்போது பிடிமானம் கிடைத்து, பலகை சீக்கிரம் புறப்படும். அணியம் அகலமாக இருந்தால் முன்னுக்கு நடந்துபோய் நிற்க இடம் கிடைக்கும்.

முன்னுக்கு நடப்பதை முதல் தடவை பார்ப்பவர்கள் நம்புவதில்லை. ஒன்பதடிப் பலகையின் நுனியில் முழு ஆள் நிற்கிறார், பலகை கவிழவில்லை. காரணம் பின்னால் இருக்கிறது. குழாயைத் திறந்து, விழும் தண்ணீர்த் தாரையில் ஒரு கரண்டியின் புடைத்த முதுகை மெல்லத் தொடுங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்று எதிர்பார்ப்போம். அது கரண்டியைத் தனக்குள் இழுக்கும். வளைந்த பரப்பை ஒட்டி ஓடும்போது தண்ணீரின் பாதை திரும்புகிறது, அதைத் திருப்பும் பரப்பு எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. நீள்பலகையின் பின்பகுதி விளிம்புகளை உருண்டையாக விடுவதும், அமரத்தைச் சற்று மேல்நோக்கி வளைப்பதும் இதற்குத்தான். அலையின் முகத்தில் ஏறிவரும் நீர் விளிம்பைச் சுற்றி ஒட்டி ஓடி, அமரத்தைக் கீழே பிடித்துவைக்கிறது. அதன்மேல் வழியும் தண்ணீரின் எடையும் சேருகிறது. முன்னால் நிற்கும் ஆளுக்கு அதுவே எதிர் எடை. பலகை பக்கவாட்டில் வழுக்காமல் பார்ப்பது அடியில் இருக்கும் செட்டை. அமெரிக்க அலைச்சறுக்குக்காரர் ரொம் பிளேக் 1935இல் ஒரு பழைய வேகப்படகின் அடிக்கட்டையைக் கழற்றித் தன் பலகையில் பொருத்தும்வரை, பல நூற்றாண்டு மரபுள்ள ஹவாய்ப் பலகைகளுக்குக்கூட அது இருக்கவில்லை.

இனி நாலாவது அளவு. பலகையைத் தரையில் வைத்துப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நேர்கோடல்ல. நடுவில் தரையைத் தொட்டு இரண்டு முனையும் மேலெழும். இதை அடிவளைவு என்று சொல்லலாம். மட்டமான அடிப்பக்கம் இழுவை குறைந்தது, மெல்லிய சரிவிலும் ஓடும். வளைந்த அடிப்பக்கம் தண்ணீரை முன்னால் தள்ளி மெதுவாகும், ஆனால் எளிதில் திரும்பும், அணியம் நீருக்குள் குத்தாது. சின்ன அலைக்கு மட்டமான பலகை என்பதே எல்லாரும் சொல்லும் விதி. கடலில் அது சரி. ஒன்ராறியோ ஏரியில் அதை அப்படியே எடுத்தால் அணியம் குத்திக் குத்தி விழ வேண்டியிருக்கும்.

ஏன் என்பதற்கு அலைகளின் பிறப்பைப் பார்க்க வேண்டும். ஒன்ராறியோ ஏரி ஏறத்தாழ 311 கிலோமீற்றர் நீளம், 85 கிலோமீற்றர் அகலம். ரொறன்ரோ அதன் மேற்குப் பக்கத்தில் இருப்பதால் கிழக்குக் காற்றுக்கு ஏரியின் நீளத்தில் பெரும்பகுதி ஓடுதளமாகக் கிடைக்கிறது. அவ்வளவுதான் கிடைக்கிறது. அறுகம்குடாவுக்கு வரும் அலைகளோ இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிப் புயல்களில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணம் செய்தவை. வழியில் குட்டை அலைகள் அடங்கிவிட, நீண்டவை மட்டும் மிஞ்சும். ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் அங்கே பத்து, பன்னிரண்டு செக்கன் அல்லது அதற்கு மேல். ஏரியில் நாலு முதல் ஆறு.

இந்தச் செக்கன் வித்தியாசம் கரையில் நீளமாக மாறுகிறது. எண்பது சென்ரிமீற்றர் ஆழத்தில் இரண்டு அலையும் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன, ஒரே உயரத்தில் உடைகின்றன. ஆனால் ஐந்து செக்கன் அலையில் முகட்டுக்கு முகடு ஏறத்தாழப் பதினாலு மீற்றர், பன்னிரண்டு செக்கன் அலையில் முப்பத்துநாலு. முகட்டிலிருந்து பள்ளத்துக்கு ஏழு மீற்றர் ஒன்றில், பதினேழு மற்றதில். ஒன்பதடி இரண்டங்குலப் பலகை 2.8 மீற்றர். கடலலையில் அது சரிவின் சிறு துண்டில் மட்டமாகக் கிடக்கும். ஏரியலையில் அமரம் முகட்டில் இருக்கும்போதே அணியம் பள்ளத்துக்குப் பாதி வழியை நெருங்கிவிடுகிறது. சரிவு வளைந்து மட்டமாகும் இடத்தில் நேரான பலகையின் முன்முனைக்குப் போக இடமில்லை, தண்ணீருக்குள் போகிறது. காற்று அடிக்கும்போதே சறுக்க வேண்டியிருப்பதால் பெரிய அலையின் முதுகில் சின்னச் சின்ன அலைகள் வேறு.

ஏரிக்கு வேண்டிய பலகை இரண்டுக்கும் இணங்க வேண்டும். மெலிந்த அலையில் ஓட நடுப்பகுதி மட்டமாக இருக்க வேண்டும். குட்டை அலையில் குத்தாமலிருக்க அணியம் எழ வேண்டும். என்னைக் கேட்டால், வளைவு முழு நீளத்திலும் பரவாமல் முன்னால் உள்ள இரண்டடியில் திரளட்டும், நுனி நாலரை அங்குலம்வரை எழட்டும், நடுவில் நாலடி ஏறத்தாழ நேராகக் கிடக்கட்டும். நீளத்தில் ஒன்பதரையும் பத்தும் வேண்டாம். ஒன்பது அல்லது ஒன்பது இரண்டு போதும். அந்தக் கடைசி அரையடி பிடிக்கும் கட்டத்தில் தருவதைவிட அணியம் பள்ளத்தில் குத்தும்போது எடுப்பது அதிகம். இழந்த நீளத்தை அகலத்தால் ஈடு செய்யுங்கள். அறுகம்குடாவின் சின்ன முனையில், பொத்துவில் பிள்ளைகள் பழகும் அந்த நீண்ட மெதுவான அலையில், இதே ஆள் ஒன்பதரை அடி மட்டப் பலகையில் சந்தோஷமாக நிற்பார்.

இந்த விட்டுக்கொடுப்பு நம்மவர்களுக்குப் பழையது. சோழமண்டலக் கரையில் துறைமுகம் இல்லாத ஊர்களில் மீனவர்கள் நாள்தோறும் உடையும் அலையைக் கடந்து போய்வர வேண்டியிருந்தது. அவர்கள் கட்டிய கட்டுமரம் அடியில் மட்டமானது, அணியத்தில் மரங்கள் ஒடுங்கி மேலெழுந்தது. திரும்பி வரும்போது பின்னால் எழும் அலையில் அதை ஓட்டிக் கரையேற்றுவார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைச்சறுக்குப் பள்ளியை உருவாக்கியபோது அங்கே சேர்ந்த பிள்ளைகள் அலை எங்கே உடையும், எப்போது ஏற வேண்டும் என்பதை ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். அந்த அறிவு தண்ணீரில் பழகி வந்தது. ரொறன்ரோவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஏரியும் பக்கத்தில்தான் இருக்கிறது.

செதுக்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த அளவுகளின் உறவு கண்ணுக்குத் தெரியும். பலகையின் பாதி உருவத்தை மெல்லிய ஒட்டுப்பலகையில் வெட்டி, நுரைக்கட்டியின் மேல் வைத்து ஒரு பக்கம் கோடு கீறுவார்கள். பிறகு அதையே புரட்டி மறுபக்கம். கோட்டில் அறுத்தெடுத்த பிறகு மின்சீவுளியால் அடிப்பக்கத்தை முதலில் முடிப்பார்கள், ஏனென்றால் வளைவு அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் நேரான நீண்ட சட்டத்தை வைத்து வெளிச்சம் எங்கே புகுகிறது என்று பார்ப்பார்கள். சுவர் ஓரமாக இடுப்புயரத்தில் விளக்குப் போட்டிருப்பதும் இதற்குத்தான். பக்க வெளிச்சத்தில் ஒரு மில்லிமீற்றர் மேடுகூட நிழல் போடும். தடிப்பைக் கடைசியாக, மேல்பக்கத்திலிருந்து சீவி எடுப்பார்கள். கடைக்காரர் முதலில் சொல்லும் லீற்றர் எண் இந்தக் கடைசி வேலையில்தான் பிறக்கிறது.

பழைய பலகை வாங்கப் போகிறவர்கள் ஒரு நேரான நீண்ட சட்டத்தையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். பலகையைக் குப்புறப் போட்டு, சட்டத்தை நடுக்கோட்டில், பலகையின் மையத்தைத் தொட்டு வையுங்கள். அணியத்தின் நுனியில் சட்டத்துக்கும் பலகைக்கும் இடைவெளி எவ்வளவு, ஓரடி உள்ளே எவ்வளவு, இரண்டடி உள்ளே எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். அமரத்திலும் அப்படியே. நுனியில் நாலரையும் இரண்டடி உள்ளே ஓர் அங்குலத்துக்குள்ளும் இருந்தால் ஏரிக்குத் தோதானது. நுனியில் மூன்றுதான் என்றால் அதைக் கடலுக்குப் போகிறவருக்கு விட்டுவிடுங்கள். வாங்கும் முன் உங்கள் கட்டடத்து லிப்ற்றின் உள்ளளவையும் எடுத்துவைப்பது நல்லது: அடிமூலையிலிருந்து எதிரே உள்ள மேல்மூலைவரை, குறுக்காக.